அண்ணாமலையில் எழுந்த கன்னியர் பாட்டு

திருவண்ணாமலையில் மலைவலம் வருகிறவர்கள், 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் அஷ்ட லிங்கங்களையும் ஒவ்வொன்றாக வணங்கிக்கொண்டும், மலை முகம் மாறி மாறித் தோன்றும் அழகை நின்று நின்று பார்த்துக்கொண்டும் அடி அண்ணாமலை என்னும் சிற்றூரை வந்தடையும்போது, அவ்விடத்திலே மாணிக்கவாசகருக்கென்று தனியே ஒரு சிறு கோயில் இருப்பதைப் பெரும்பாலும் கவனியாமலே கடந்துவிடுகிறார்கள். திருவெம்பாவை இருபது பாடல்களும், திருவம்மானையும் இந்த ஸ்தலத்தில் அருளிச்செய்யப்பட்டவை என்று திருவாசகப் பதிப்புகள் கூறும். திருவெம்பாவையின் பதினெட்டாம் பாட்டு அண்ணாமலையானைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. அடிகள் மார்கழி மாதத்தில் இவ்வூருக்கு எழுந்தருளியபோது, வைகறையிலே இவ்வூர்க் கன்னிப் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பிக் கூட்டமாக நீராடச் செல்வதையும், அவர்கள் அம்மானைக் காய்களை வீசிப் பாடி விளையாடுவதையும் கண்டு, அவர்கள் வாய்ச்சொல்லாகவே இவ்விரண்டையும் பாடினார் என்பது பரம்பரையாக வழங்கும் வரலாறு. அடிகளின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர்; முன்னே தள்ளுவாரும் உண்டு.

அந்தப் பரம்பரைச் செய்தியை நான் புராண அலங்காரமாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிட விரும்பவில்லை. அடிகள் பாடுவதற்கு முன்னே அத்தெருக்களில் ஒரு பாட்டு இருந்தது. அதைப் பாடியவர்கள் பத்தும் பன்னிரண்டும் பதினைந்துமான பிராயத்துப் பெண்கள். அதற்கு ஏட்டுச்சுவடி இல்லை, இயற்றியவர் பெயரும் இல்லை. ஞானி ஒருவர் அதன் மெட்டையும் நடையையும், பாதி கேலியும் பாதி பரிவுமாகத் தோழி தோழியை விளிக்கும் அந்தப் பாங்கையும் அவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டு, அதனுள்ளே சிவபக்தியை நிரப்பி நமக்குத் தந்தார். வாங்கித் தந்தவரை ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடுகிறோம்; அது நியாயமே. கொடுத்தவர்களைப் பற்றியும் சரித்திரம் ஒரு சொல்லாவது சொல்லவேண்டும் என்பதே என் ஆசை.

மாணிக்கவாசகர் இவ்வகையில் ஒருமுறை மட்டும் செய்து நின்றவரல்லர். திருவாசகத்தின் நடுப்பகுதியைப் புரட்டிப் பார்ப்பவர்கள், அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று வரிசையாக வரும் தலைப்புகளைக் கண்டு வியப்பார்கள். இவையெல்லாம் பெண்கள் விளையாடும்போதும், உலக்கை பிடித்துச் சுண்ணம் இடிக்கும்போதும், பூக்கொய்யும்போதும், ஊஞ்சலாடும்போதும் பாடிய பாட்டுகளின் வகைகள். பண்டிதர்கள் யாப்பிலக்கணத்தில் தேடிக் கண்டுபிடித்த உருவங்கள் அல்ல. அந்த நாளில் பட்டி தொட்டியெல்லாம் பரவி, யாரும் கற்பிக்காமலே பெண்களின் நாவில் நின்ற ஜனரஞ்சகமான பாட்டுகள். ஒரு மந்திரியாக இருந்து, பாண்டியன் சபையிலே கல்வியும் அதிகாரமும் கண்டவர், மோட்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டிய தருணத்தில் சிறுமிகளின் விளையாட்டுப் பாட்டே அதற்குத் தகுந்த பாத்திரம் என்று தேர்ந்துகொண்டார் என்பது தமிழ்ச் சரித்திரத்திலே எளிதில் கடந்துபோகத்தக்க செய்தியன்று.

இந்த வழக்கத்தின் பழமையைச் சங்க நூல்களிலேயே காணலாம். மார்கழித் திருவாதிரை நாளை ஒட்டிக் கன்னியர் தம் தாய்மார் அருகிருக்க வைகையில் நீராடிய நோன்பைப் பரிபாடலின் பதினோராம் பாட்டு விரிவாகச் சொல்லுகிறது. மழை பெய்யவேண்டும் என்பதும், நல்ல கணவன் வாய்க்கவேண்டும் என்பதும் அந்நோன்பின் நோக்கங்களாக இருந்தன. திருவெம்பாவையிலும் இவ்விரண்டு வேண்டுதல்களும் மாறாமல் இருக்கின்றன. ஒரு பாட்டு முழுவதும் மழையை நோக்கியது. தங்களுக்கு வாய்க்கும் கணவர் சிவனடியாராகவே இருக்கவேண்டும் என்பது அப்பெண்களின் பிடிவாதம். எஞ்சியவை பெரும்பாலும், எழுந்து வராத தோழியின் வாசலில் நின்றுகொண்டு மற்றவர்கள் அவளைக் கேலி செய்வதும், குளத்தில் குடைந்து நீர் தெறிக்க ஆடுவதுமே. பதினைந்து பிராயத்துப் பெண்களின் சிரிப்பு அதிலே இன்றும் கேட்கிறது.

பெண்ணின் குரலில் ஆண் பாடும் இந்த மரபுக்குப் பக்கத்திலே, பெண்ணே தன் குரலில் பாடிய அபூர்வம் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்ந்தது. ஆண்டாள் திருப்பாவை முப்பது பாடல்களையும் பாடியபோது அவள் சிறுமியே என்று வைஷ்ணவ சம்பிரதாயம் கூறும். இளம்பெண் ஒருத்தி தானே இயற்றித் தானே பாடிய பாட்டு, பெயரோடும் ஊரோடும் நம் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. அவளைப் போல் வேறு எத்தனை பேர் பாடியிருப்பார்கள், அவர்கள் பாட்டெல்லாம் குளத்தங்கரையோடு கரைந்து போயிருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அடிகளின் பாட்டு கோயிலுக்குள் புகுந்த பிறகு, அதைப் பாடும் வாய் சிறிது காலம் பெண்களின் வாயாகவும் இருந்தது. தென்னார்க்காட்டு நல்லூரில் உள்ள சோழர் காலத்துக் கல்வெட்டுகள், திருவெம்பாவையின் பகுதிகளை இறைவன் திருமுன்னர்ப் பாடும் உரிமை கோயிலைச் சேர்ந்த பெண்களுக்கு அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஒரு பாட்டைப் பாடும் உரிமை கல்லிலே வெட்டிக் காக்கப்படவேண்டிய சொத்தாக மதிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நிலமும் விளக்கும் ஆடும் தானமாகப் பொறிக்கப்பட்ட அதே கல்லில், பாடும் பெண்ணின் முறையும் இடம்பெற்றது. பின்னர்ப் படிப்படியாக ஓதுவார்களின் கம்பீரமான ஆண்குரலே திருமுறைக்கு உரியதாக நிலைபெற்றது. மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களும் சிவாலயங்களில் மாணிக்கவாசகரின் உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்து, நடராஜர் சந்நிதியில் திருவெம்பாவை ஓதுவது இன்றும் வழக்கம்.

கடல் கடந்தும் அப்பாட்டு போயிற்று. முன்பு சியாம் எனப்பட்ட தாய்லாந்தின் அரண்மனைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் திரியம்பாவாய்–திரிபாவாய் என்னும் விழாவின் மந்திரங்களுக்கிடையே திருவெம்பாவைப் பாடல்கள், உச்சரிப்புச் சிதைந்து, பொருள் மறைந்து, ஆயினும் ஒலி முழுவதும் அழியாமல் வழங்குகின்றன. பாங்காக் நகரில் 1784ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மாபெரும் ஊஞ்சல் அவ்விழாவைச் சேர்ந்தது. 1935க்குப் பிறகு அதில் ஆடும் சடங்கு நிறுத்தப்பட்டுவிட்டது. ஊஞ்சல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஆடிப் பாடிய கன்னியர் மட்டும் அங்கே இல்லை. வெள்ளுடை தரித்த புரோகிதர்கள் அவர்களுக்காகப் பாடுகிறார்கள்.

இனி, நூற்றாண்டுகள் பலவற்றைத் தாண்டி, பெண்ணின் குரல் காற்றோடு போகாமல் முதன்முதலாகப் பிடித்து நிறுத்தப்பட்ட காலத்துக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளரான பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் இந்தியக் குரல்களைப் பதியத் தொடங்கியபோது, முதல் நாளில் அவருடைய ஊதுகுழலின் முன் நின்றவர்கள் சசிமுகி, பாணி பாலா என்ற நாடகக் கம்பெனிப் பெண்கள் இருவர். ஒருத்திக்கு வயது பதினான்கு, மற்றவளுக்குப் பதினாறு என்று கைஸ்பர்க் தம் நாட்குறிப்பிலே எழுதினார். அவர்கள் குரல் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதினார். நம் சங்கீதத்தை அதற்கு முன் கேட்டறியாத ஒருவருடைய அபிப்பிராயம் அது. அதை வைத்து அப்பெண்களை எடைபோட நான் ஒருப்படேன். இந்தத் தேசத்தின் இசைத்தட்டுச் சரித்திரம் பதினான்கும் பதினாறுமான இரண்டு பெண்களின் பாட்டோடு தொடங்கியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அதே மாதத்தில் குரல் பதியப்பட்ட பாடகி கௌஹர் ஜான், தம் பாட்டின் முடிவில் தம்முடைய பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி நிறுத்தினார். மெழுகில் பதிந்த குரலைத் தட்டாக அச்சிடும் வேலை அப்போது ஜெர்மனியின் ஹானோவர் நகரில் நடந்தது. அங்கிருந்த தொழிலாளருக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. காரணம் வெறும் தொழில் சௌகரியந்தான். ஆனால் விளைவு எத்தகையது! அடி அண்ணாமலைத் தெருவில் பாடிய கன்னியர் பெயர் சொல்லாமலே மறைந்தார்கள். இங்கே ஒரு பெண் பாடி முடித்தவுடன் தன் பெயரைத் தானே சொல்லி, உலகம் அதைக் கேட்கும்படி செய்துவிட்டாள். அது முதல் பல தட்டுகளில் பாடியவர் பெயர் பெரிதாகவும், ராகமும் தாளமும் அதன் கீழேயும் அச்சாயின. இயற்றியவர் பெயரைத் தேடித்தான் காணவேண்டும். பாட்டின் உடைமை ஆசிரியனிடமிருந்து பாடுகிறவளிடம் நகர்ந்தது.

தமிழ்நாட்டில் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் தட்டுகளில் ஒலித்த பெண் குரல்கள் பெரும்பாலும் இசை வேளாளர் குலத்து விதுஷிகளுடையவை. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோர் அவர்களுள் கீர்த்தி பெற்றவர்கள். கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்று பாரிஸ் வரை சென்று, மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு சங்கீத கர்த்தாவைத் தம் இராகமாலிகையை எழுதும்படி தூண்டியது. அரக்குத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல், இதுவே அளவு. நான்கு மணி நேரம் பாடும் வித்துவான்களுக்கு இந்த அளவு சிறைவாசமாகத் தோன்றியது. ஆனால் கும்மியும் கோலாட்டமும் பாவைப் பாட்டும் பழகிய நாவுக்கு அது இயல்பான நீளம். எட்டடியில் ஒரு தோழியை எழுப்பி, கேலி செய்து, இறைவனையும் புகழ்ந்து முடிப்பது அவர்கள் பாட்டன்றோ? தவிரவும், மைக்ரோபோன் வருவதற்கு முன்பு ஊதுகுழலுக்குள் பலத்த குரலில் கூவிப் பாடினால்தான் மெழுகில் கோடு விழும். 1925ஐ ஒட்டி மேல்நாட்டில் மின்சாரப் பதிவு வந்து, பின் இங்கேயும் பரவியபோது, மெல்லிய இளங்குரலும் தன் நயம் குன்றாமல் தட்டில் ஏறலாயிற்று.

1926ஆம் ஆண்டு, மதுரை வீணை வித்துவாம்சினி சண்முகவடிவின் மகள், பத்து வயதுச் சிறுமி, தாயின் வீணையோடு முருகன் மீது ஒரு பாட்டைப் பாடித் தட்டில் பதிந்தாள். எம். எஸ். சுப்புலட்சுமி என்ற பெயர் உலகுக்கு முதலில் அறிமுகமானது மேடையில் அன்று. ஒரு தட்டின் ஒரு பாட்டிலேதான். அந்தச் சிறுமிக்கு அப்போது மேடை இல்லை, சபையில் ஆசனம் இல்லை, பத்திரிகையில் விமரிசனம் இல்லை. மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று, அவள் போகமுடியாத ஊர்களுக்கெல்லாம் அவளுக்கு முன்னே போய், நாயன மேளம் ஓய்ந்த கல்யாண வீடுகளிலும், கடைத்தெருவிலும் ஒலித்தது. பிற்காலத்தில் அவர் பெற்ற பாரத ரத்னம் வரையுள்ள புகழையெல்லாம் அறிந்தவர்களும் அந்தச் சிறுமியின் தட்டைத் தனியே நினைக்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு குழந்தையின் குரலைக் கேட்டுக் காசு கொடுத்து வாங்கும் ரசனை நம்மிடம் உண்டென்பதைக் கம்பெனிகளுக்கு மெய்ப்பித்த சாட்சிகளில் அது ஒன்று.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த டி. கே. பட்டம்மாளின் கதை வேறு வகையானது. பிராமணக் குடும்பத்துப் பெண் பலர் நடுவே அமர்ந்து பாடுவது வழக்கமில்லாத காலம் அது. பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பெண்ணுக்கு விவாகம் முடிந்துவிடும். விவாகத்தோடு பாட்டும் முடிந்துவிடும். பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஒரே நாளில் வீட்டு வழக்கத்தை மாற்றிவிடவில்லை. ஆயினும், சிறுமிப் பருவத்துக்கும் இல்லறத்துக்கும் நடுவே சில ஆண்டுகள் பெண்ணுக்குச் சொந்தமாகக் கிடைக்கலாம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஊன்றியது அக்காலத்திலேதான். அந்த இடைவெளியிலே 1932இல், தம் பதின்மூன்றாம் பிராயத்தில், பட்டம்மாள் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பாடினார். இளம்பெண்ணின் தட்டு என்ற ஒன்று தோன்றுவதற்கு மைக்ரோபோன் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் இந்தச் சில ஆண்டுகளும்.

சினிமா வந்தபின் வேகம் மிகுந்தது. 1948இல் வெளிவந்த ஞானசௌந்தரி படத்தில் தேவமாதாவை நோக்கிய பாட்டு ஒன்று, குழந்தையாகத் தொடங்கும் கதாநாயகி வளர்ந்த பெண்ணாக மாறும்போது குரலும் மாறும்படி அமைந்திருந்தது. முற்பகுதியைப் பாடிய ஜிக்கிக்கு அப்போது பதின்மூன்று வயதுக்குள்தான், பிற்பகுதி பி. ஏ. பெரியநாயகியின் குரல். ஒரே பாட்டுக்குள் ஒரு பெண் வளர்வதைக் கேட்கும் அந்த அனுபவத்துக்காகவே ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

சென்னையிலும் கல்கத்தாவிலும் இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அண்ணாமலை மௌனமாக இருந்துவிடவில்லை. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பதினாறு வயதுப் பாலகராக இங்கே வந்து சேர்ந்த ரமண மகரிஷி, விரூபாட்ச குகையில் வசித்த நாளில், 1914ஐ ஒட்டி அருணாசல அட்சரமணமாலையை இயற்றினார். நாயகி தன் நாயகனிடம் கெஞ்சியும் ஊடியும் பேசும் 108 கண்ணிகள் அவை. பிக்ஷைக்குச் செல்லும் அன்பர்கள் தாங்கள் இன்னாருடையவர்கள் என்று ஊரார் அறிந்துகொள்ளும்படி பாடுவதற்கென்றே அது பிறந்தது. காவியுடுத்த ஆடவர்கள் மணப்பெண்ணின் சொற்களைப் பாடிக்கொண்டு தெருவில் வர, அந்த ஒலியைக் கேட்டு வீட்டுப் பெண்கள் அன்னத்தோடு வாசலுக்கு வந்தார்கள். வைகறையில் வாசல்தோறும் நின்று பாடிய பழைய கன்னியரின் வழியே அது. பின்னர் ரமணரின் சீடர் முருகனார், ரமண சந்நிதி முறை என்னும் நூலில் தம் குருவையே தலைவராக்கி ஒரு திருவெம்பாவை பாடினார். ரமணர் பிறந்ததும் மார்கழித் திருவாதிரையை அடுத்த இரவிலே என்பதால், மார்கழி மாதம் இவ்வூருக்கு இரட்டிப்பு விசேஷமாயிற்று.

1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் தூண்டுதலால் திருப்பாவை–திருவெம்பாவை மாநாடுகள் தமிழ்நாட்டில் நடைபெற்று, பள்ளிப் பிள்ளைகளிடையே ஒப்புவித்தல் போட்டிகளும் பரவின. அவற்றால் விளைந்த பெரும் நன்மை, பாவைப் பாட்டு மறுபடியும் சிறுமிகளின் வாய்க்கு வந்து சேர்ந்ததுதான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் வர்ணமெட்டு அமைத்தார், எம். எல். வசந்தகுமாரியின் குரலில் அது தட்டில் ஏறி, மார்கழி விடியலில் தமிழ்நாடு முழுவதும் ஒலிபெருக்கிகளில் எழுந்தது. திருவெம்பாவைக்கு அந்த அளவு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அது ஓதுவார்களின் பண்ணோடு, பக்தியோடு, சிறிதும் பிசகாமல் பாடப்பட்டு வருகிறது. அந்தப் பெருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தூங்கும் தோழியைக் கேலி செய்யும் சிரிப்பு முதிர்ந்த ஆண்குரலில் எப்படித் தங்கும்?

ஓதுவார் பதவியும் இப்போது சிறிது சிறிதாகப் பெண்களுக்குத் திறந்திருக்கிறது. 2006இல் உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக அமர்ந்தார். 2021 ஆகஸ்டில் அரசு நியமித்த ஓதுவார்களுள் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு அமைந்தவரும் ஒரு பெண்ணே. நல்லூர்க் கல்வெட்டில் பெற்றிருந்த முறை எட்டு நூற்றாண்டு கழித்துத் திரும்புகிறது. திருவண்ணாமலையிலும், சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளிலும் நல்ல குரலுடைய பெண் குழந்தைகளுக்குக் குறைவில்லை. மார்கழி பிறந்ததும் அவர்களில் இருபது பேரைத் தேர்ந்து, ஆளுக்கு ஒரு பாட்டாகத் திருவெம்பாவையைப் பண் பிறழாமல் கற்பித்து, அடி அண்ணாமலைக் கோயில் வாசலிலே பாடச் செய்து பதிவு செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. தேவஸ்தானமோ, ஊர்ச் சங்கங்களோ, தனவந்தர் ஒருவரோ இதை மேற்கொள்ளலாம். அப்படிச் செய்தால், அந்தப் பதிவின் மேல் மாணிக்கவாசகர் திருநாமத்தோடு அந்த இருபது பெண்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் அச்சிடவேண்டும்.